இருட்டு டப்பாவுக்குள் வந்த வெளிச்சம்

ஒளி புக வழியே இல்லாத ஒரு டப்பாவுக்குள் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. எப்படி வருகிறது என்பதுதான் நாகேஸ்வரிக்குப் பிடிபடவில்லை.

டப்பா பெரிதல்ல, பித்தளையில் கடைந்தது, பால்மாத் தகரத்தின் பருமன். அதற்குள் பெருவிரல் நுனியளவு ஒரு பளிங்கு. கல்சியம் தங்ஸ்தேற்று என்று பெயர். பெயர் மிரட்டினாலும் சாமான் புதிதல்ல. ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கும்போது படத்தாளோடு சேர்த்து வைக்கிற வெள்ளைத் தகட்டில் பூசியிருப்பது அதுதான். கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று வந்து அதில் பட்டால், பட்ட இடத்தில் மிகச் சிறிய நீல மினுக்கம் ஒன்று தோன்றி மறையும். மனிதக் கண்ணுக்கு அது எட்டாது. அதைப் பார்ப்பதற்கென்றே டப்பாவின் மூடியில் ஒரு கண்ணாடி யன்னலும், யன்னலுக்கு மேலே ஓர் ஒளிப்பெருக்கிக் குழாயும் இருந்தன.

அந்தக் குழாய் வேலை செய்யும் விதம் எப்போது நினைத்தாலும் நாகேஸ்வரிக்குச் சந்தோசம் தருவது. ஒரு துளி வெளிச்சம் குழாயின் முகத்தில் பட்டால் அங்கிருந்து இலத்திரன் என்ற மின்துகள் ஒன்று கழன்று ஓடும். ஓடிப்போய் ஒரு தகட்டில் மோதும். மோதிய இடத்தில் நாலு இலத்திரன்கள் கிளம்பும். அந்த நாலும் அடுத்த தகட்டில் மோதிப் பதினாறாகும். இப்படியே பத்துத் தகடு தாண்டினால் ஒன்று பத்து இலட்சமாகிவிடும். ஒருவர் காதோடு சொன்ன கதை நாலு பேரிடம் போய், அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரிடம் சொல்லி, பொழுது சாய முன் ஊர் முழுக்கப் பரவுகிற மாதிரி. அப்படிப் பெருகிய ஒவ்வொரு மினுக்கத்துக்கும் மேசையில் இருந்த எண்ணி என்ற கருவி ஒவ்வொன்று கூட்டிக் காட்டும்.

டப்பாவின் அடியிலிருந்து ஒரு செம்புக் கோல் இறங்கி, அகன்ற வாய்ப் பிளாஸ்க்கில் இருந்த திரவ நைதரசனுக்குள் நின்றது. பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு பாகைக் குளிர். கோல் வழியாக அந்தக் குளிர் ஏறி, டப்பாவும் மூடியும் பளிங்கும் ஒன்றாகக் குளிரும். ஏன் இந்தப் பாடு என்றால், சாதாரண வெப்பநிலையில் பளிங்கின் அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். கதிர் கொண்டுவந்த சக்தி வெளிச்சமாக வெளியே வருமுன் அதில் ஒரு பங்கு அந்த அதிர்வில் சிந்திப்போகும். சனம் நெருக்கியடிக்கிற மருதனார்மடச் சந்தைக்குள் வாளித் தண்ணீரோடு நடந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். குளிரவைத்தால் சந்தை கலைந்த மாதிரி; தண்ணீர் சிந்தாமல் போய்ச் சேரும். எவ்வளவு குளிரில் எவ்வளவு வெளிச்சம் கூடுகிறது என்று அளப்பதுதான் அவளுடைய வேலை. சோவியத் நாட்டில், கார்கோவ் நகரத்தில் படித்துவிட்டு வரும்போது, அந்தப் பளிங்கைக் கம்பளிக் காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

நைதரசன் வந்த வழி இன்னும் விசித்திரம். அந்த எண்பத்தாறாம் ஆண்டில் குடாநாட்டில் அதைப் பாவித்தவர்கள் மாட்டு வைத்தியர்கள்தான். சீமைக் காளைகளின் விந்தை உறையவைத்து, நைதரசன் நிரப்பிய கலத்தில் போட்டுக் கொழும்பிலிருந்து ரயிலில் அனுப்புவார்கள். அவர்களில் ஒருவரான டொக்டர் செபநாயகம் தன் கலத்திலிருந்து வாரம் ஒருமுறை அவளுக்கும் ஒரு பங்கு ஊற்றித் தருவார். அவள் வேலை செய்த பல்கலைக்கழக வளாகத்தில் இது பெரிய பகிடி. மேல்மாடி ஆய்வுகூடத்தில் கன்று போட்டாயிற்றா என்று அவளைக் காணும் போதெல்லாம் யாராவது கேட்பார்கள்.

வழமையாகப் பளிங்கு நிமிடத்துக்கு நாற்பது மினுக்கம் காட்டும். அவை நியாயமானவை, வானத்திலிருந்து விழுகிற கதிர்கள், சுவரிலும் மண்ணிலும் இருந்து வருகிற கதிர்கள். ஆனால் சில நாட்களில் எண்ணி நூறைத் தாண்டியது. ஒருநாள் இருநூறைத் தொட்டது. நைதரசன் ஊற்றிக் குளிரத் தொடங்கியதும் சடசடவென்று ஏறும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். மின்சாரக் கோளாறோ என்று வயர்களை மாற்றினாள். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்தினாள். ஒன்றும் உதவவில்லை. எந்தெந்த நாளில் இப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தபோதுதான் ஓர் ஒழுங்கு தெரிந்தது. கோட்டைப் பக்கமிருந்து இராணுவம் ஷெல் குண்டு அடித்த நாட்களுக்கு மறுநாள்.

ஷெல்லின் அதிர்ச்சியாக இருக்குமோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் வெளிச்சம் வந்தது எல்லாம் அடங்கி ஆறிய பிறகு. அப்படியானால் ஷெல் அடிக்கும்போது வேறு ஏதோ நடக்கிறது. அப்போது அந்தக் கட்டடத்தில் இருக்கிற நாலைந்து பேரும் பின்புறத்துப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், ஓடிவிடுவார்கள். மேல்மாடியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஒருவரைத் தவிர. ஆய்வுகூட உதவியாளர் செல்வரட்ணத்தைப் பங்கருக்குள் அவள் ஒருநாளும் கண்டதில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஷெல் அடித்த அன்றைக்கு எங்கே நின்றீர்கள் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் அவரிடம் கேட்டாள். செல்வரட்ணம் ஐம்பதைத் தாண்டியவர், பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் வருகிறவர். வாயாடி. அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"பங்கருக்கைதான் மிஸ். பின்னாலை மூலையிலை இருந்தனான். இருட்டுக்கை நீங்கள் காணேல்லைப் போலை."

அந்தப் பங்கருக்கு மூலையே கிடையாது. ஆறு பேர் முழங்கால் முட்ட இருக்கிற ஒரு குழி. பொய் சொல்கிறார் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் பொருந்தி வந்தது. பகலில் டப்பாவின் மூடியைத் திறந்தால் ஒளிப்பெருக்கிக் குழாயின் முகத்தில் வெயில் வெளிச்சம் படும். பட்டால், மூடிய பிறகும் மணிக்கணக்காக அந்தக் குழாய் அமைதி கொள்ளாது. இல்லாத வெளிச்சத்தை இருக்கிறதாக எண்ணிக்கொண்டே இருக்கும். இது அவள் படித்தறிந்த உண்மை. ஆகவே மூடியை யாரோ திறக்கிறார்கள். ரஷ்யாவில் இருந்து வந்தவள் மேல்மாடியில் எதைப் பூட்டி வைத்திருக்கிறாள் என்று பார்த்துவரச் சொல்லி யாரோ அனுப்புகிறார்கள். பளிங்கு குளிராத நாட்களில் எண்ணிக்கை சரியாகவே இருந்தது என்பதையும் அவள் கவனித்தாள். குளிர்ந்திருக்கும் நாட்களில்தானே உள்ளே ஏதோ இருக்கிறது என்று தோன்றும், அப்போதுதான் திறக்கிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டாள். சந்தேகம் எதற்கும் பதில் இல்லாமல் நிற்பதில்லை.

பாதுகாப்புக்காகத் தினமும் காலையில் மூடியின் மூன்று திருகாணிகளையும் தன் கையாலேயே ஸ்பனர் போட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். எண்ணிக்கை குறையவில்லை, கூடியது.

அவள் செய்த பெரிய பிழை அதுவல்ல. பௌதிகப் பகுதித் தலைவர் சோமசேகரத்தின் அறையில் வேறு விசயம் கதைத்துக்கொண்டிருந்தபோது, ஷெல் அடிக்கும் நேரத்தில் யாரோ மேலே நின்று தன் பெட்டியைத் திறக்கிறார்கள் போலிருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அறையில் வேறு இருவர் இருந்தார்கள். ஒளிப்பெருக்கிக் குழாயில் பத்துத் தகடுகள். வளாகத்தில் அதைவிடக் கூட. மூன்றாம் நாள் சோமசேகரம் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சந்தியில் துவக்கோடு காவல் நிற்கிற இயக்கப் பொடியள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்களாம். அண்மையில் ஷெல்கள் வளாகத்துக்குக் கிட்டக் கிட்ட விழுகின்றன. ஷெல் அடிக்கிற நேரத்தில் ஒருவர் மேல்மாடியில் தனியே நிற்கிறாராம், ஒரு பெட்டியில் இருந்து கோட்டைக்கு வெளிச்சம் காட்டுகிறாராம். யார் அவர் என்று கேட்டார்களாம்.

"வெளிச்சம் காட்டினம் எண்டு நான் சொல்லேல்லை சேர்," என்றாள் நாகேஸ்வரி. "பெட்டியை ஆரோ திறக்கினம் எண்டுதான் சொன்னனான்."

"அது நீங்கள் சொன்னது. வெளியிலை போனது வேறை." சோமசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை திரும்பி வருவினம். உங்களுக்கு ஆரெண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ. தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லுங்கோ. ரெண்டுக்கும் நடுவிலை நிண்டியள் எண்டால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவினம்."

காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் எடுத்த ஒருவருக்கு என்ன நடக்கும் என்று அந்த ஆண்டில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. விடிய எழும்பிப் பால் வாங்கப் போகிறவர்கள் மின்கம்பத்தடியில் உடலைக் காண்பார்கள். கழுத்தில் குற்றத்தை எழுதிய ஒரு மட்டை தொங்கும். நாகேஸ்வரியின் வாயிலிருந்து செல்வரட்ணம் என்ற பெயர் வந்தால் அவருடைய கதை முடிந்தது. அவர் உண்மையிலேயே திறக்கிறவராக இருந்தால்? தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஷெல் பங்கருக்கு மேலே விழுந்தால்?

தெரிந்துகொள்வதற்கு ஒரு வழி செய்தாள். மெழுகுதிரியைக் கொளுத்தி, மூடியின் மூன்று திருகாணித் தலைகளிலும் ஒவ்வொரு துளி மெழுகு விட்டாள். மூடியும் டப்பாவும் பொருந்துகிற விளிம்பில், இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும்படி நாலாவது துளியை விட்டாள். அதற்குப் பிறகு அவளும் திருகாணிகளைத் தொடவில்லை. கை வைத்தால் உதிரும். திருப்பி ஒட்ட முடியாது.

செவ்வாய்க்கிழமை ஷெல் அடித்தது. அடங்கியதும் அவள் முதல் ஆளாகப் படியேறினாள். செல்வரட்ணம் கீழே தாழ்வாரத்தில் நின்று, என்ன மிஸ் இவ்வளவு அவசரம், கன்று பிறக்கப் போகுதோ என்று கேட்டார். அவள் நிற்காமல் ஏறினாள்.

திருகாணித் தலைகளில் இருந்த மூன்று துளி மெழுகும் உதிர்ந்து கிடந்தது. விளிம்பில் இருந்த நாலாவது துளி மட்டும் வைத்தபடியே இருந்தது. அதையும் அவள் பார்த்தாள். ஆனால் பார்த்ததை எடைபோடவில்லை. கெட்டிக்காரர், அதை மட்டும் சூடுகாட்டித் திருப்பி ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தாள்.

 அன்று நீர்வேலியில் வீட்டுக்குப் போய், வாழைத்தோட்டத்து வரம்பில் அங்குமிங்கும் நடந்தாள். அவளுடைய தம்பி என்ன ஆச்சு என்று கேட்டதற்குத் தலையிடி என்றாள். செல்வரட்ணத்துக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று போன மாதம் எல்லாருக்கும் தொதல் இனிப்புக் கொண்டுவந்து கொடுத்தவர். அந்தத் தொதலை நினைக்க நினைக்க அவளுக்கு அவர்மேல் இன்னும் சந்தேகம் வந்தது. ஏன் அவ்வளவு தாராளம்?

வியாழக்கிழமை டொக்டர் செபநாயகம் தன் கலத்தோடு வந்தார். பளிங்கு மாப்பிள்ளைக்கு இன்றைக்கும் கலியாண முழுக்கு வார்க்கிறீர்களோ என்று கேட்டுக்கொண்டே நைதரசனை ஊற்றினார். வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. ஊற்றி முடிக்கவில்லை, கோட்டைப் பக்கமிருந்து அந்தத் தொம் என்ற ஓசை கேட்டது. பிறகு தலைக்கு மேலே கூவிக்கொண்டு போகிற சத்தம். எல்லாரும் இறங்கி ஓடினார்கள்.

பங்கர் பனங்குற்றியால் மூடி மண்மூட்டை அடுக்கியது. வாயில் இரட்டைச் சாக்கு தொங்கும். சாக்கை இழுத்துவிட்டால் நடுப்பகலிலும் தன் கை தனக்குத் தெரியாது. அன்றைக்கு உள்ளே மூன்று பேர்: நாகேஸ்வரி, டொக்டர், சோமசேகரம்.  ஷெல் எங்கே விழுகிறது என்று காதால் அளந்துகொண்டிருந்தார்கள். அது தூரப் போனதும் சோமசேகரம் மெல்லிய குரலில் சொன்னார்.

"பாத்தியளே பிள்ளை. இண்டைக்கும் ஆள் இல்லை."

அவள் சாக்கை இன்னும் இழுத்துவிட்டாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும் சேர்."

"எனக்கு மட்டும் விருப்பமே?" அவர் சட்டைப்பையில் எதையோ துழாவுகிற சத்தம் கேட்டது. மருமகளின் கலியாணத்தில் வரவேற்புத் தட்டில் மிஞ்சிய கற்கண்டு. ஷெல்லுக்கு ஓடும்போது தொண்டை காயாமல் இருப்பதற்காக ஒரு பொட்டலம் எப்போதும் வைத்திருப்பார். இருட்டில் கைகளைத் தேடி ஆளுக்கு ஒரு கட்டி வைத்தார். பெரிய கட்டிகள், நல்ல தெளிந்த வெள்ளைக் கற்கண்டு. தனக்கு ஒன்றை வாயில் போட்டுக் கடைவாயால் நெரித்தார். வாயை மூடிக்கொண்டு சப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை, கதைத்துக்கொண்டே கடிப்பார்.

நாகேஸ்வரி அவர் குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நன்றாக இருட்டுக்குப் பழகியிருந்தது. கற்கண்டு உடைந்த அதே கணத்தில், அவர் வாய் இருக்கவேண்டிய இடத்தில், மங்கலான ஒரு நீல வெளிச்சம் மின்னி மறைந்தது.

அவள் குரல் வந்த பக்கம் குனிந்தாள்.

"சேர், இன்னொருக்கால் கடியுங்கோ."

"என்னத்தை?"

"கற்கண்டை. வாயை மூடாமல் கடியுங்கோ."

"சேர், மாட்டுக்குப் பல்லுப் பாக்கிறது என்ரை தொழில்," என்றார் டொக்டர் இருட்டுக்குள். "பிள்ளை அதையும் பறிக்கப் போறா."

சோமசேகரத்துக்கு அவளுடைய குரலில் இருந்த ஏதோ ஒன்று கேட்டிருக்க வேண்டும். புதிதாக ஒரு கட்டியை வாயில் போட்டுக் கடித்தார். மறுபடியும் நீல மினுக்கம். இந்த முறை டொக்டரும் கண்டார். அவர் தன் கட்டியை வாயில் போடாமல் கையில் இருந்த சாவிக்கொத்தால் கல்லில் வைத்து நொறுக்கினார். அங்கும் மினுங்கியது.

இதை அவள் முதலாம் வருடத்திலேயே படித்திருந்தாள். சில வகைப் பளிங்குகள் வெடிக்கும்போது, வெடிப்பின் ஒரு கரையில் நேர் மின்னும் மறு கரையில் எதிர் மின்னும் பிரிந்து நிற்கும். நிற்க முடியாமல் பாய்ந்து ஒன்றுசேரும். அந்தப் பாய்ச்சல்தான் வெளிச்சம். வெளியில் இருந்து ஒரு கதிரும் வரத் தேவையில்லை, ஒருவரும் மூடி திறக்கத் தேவையில்லை. கற்கண்டும் பளிங்கு. கல்சியம் தங்ஸ்தேற்றும் பளிங்கு.

அப்படியென்றால் டப்பாவுக்குள் கடிப்பது யார்?

அது விளங்க அவளுக்கு ஒரு வண்டிச் சில்லு போதுமாக இருந்தது. நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றுகிற வண்டிகளுக்குக் கொல்லர் இரும்புப் பட்டம் போடுவதைச் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறாள். இரும்பு வளையத்தை நெருப்பில் பழுக்கவைத்து, விரிந்திருக்கும்போது மரச்சில்லில் மாட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். வளையம் சுருங்கும். மரம் அவ்வளவு சுருங்காது. வளையம் இறுக இறுக மரம் கிறீச்சிட்டு முனகும். உலோகம் குளிரில் மரத்தையும் பளிங்கையும் விட அதிகம் சுருங்கும் என்பதுதான் அதில் உள்ள சூத்திரம்.

அவளுடைய டப்பாவும் அதே மாதிரிதான். சிக்கனமாக இருக்கட்டும் என்று அவளே வரைந்து கடையவைத்தது: மூடியை மூடுகிற அந்த மூன்று திருகாணிகளே உள்ளே ஒரு பித்தளை வளையத்தையும் கீழே அமுக்கும், அந்த வளையம் பளிங்கை அசையாமல் பிடிக்கும். விரலால் மட்டும் முடுக்கினால், மூடிக்கு அடியில் இருக்கிற இறப்பர் முழுதும் நெரிபடாமல் மயிரிழை இடைவெளி விடும். பித்தளை சுருங்கினாலும் பளிங்குக்கு இடம் இருக்கும். ஸ்பனர் போட்டு இறுக்கினால் இடமே இல்லை. அந்த நிலையில் இருநூறு பாகை குளிர்ந்தால் பித்தளை பளிங்கை நெரிக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு மினுக்கம். ஆகவேதான் குளிரத் தொடங்கும்போது சடசடவென்று ஏறிப் பிறகு இறங்கியது. ஆகவேதான் குளிராத நாளில் ஒன்றும் இல்லை. ஆகவேதான் மெழுகுத் துளி மூன்று உதிர்ந்தும் நாலாவது உதிரவில்லை: திருகாணி திருகப்பட்டது, மூடி திறக்கப்படவில்லை.

ஷெல் முழுதும் அடங்குமுன்னே அவள் சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் சோமசேகரம் கூப்பிட்டது கேட்கவில்லை.

மேல்மாடி அறையில் செல்வரட்ணம் நின்றார். கறுப்புத் துணி விலக்கப்பட்டிருந்தது. அவர் கையில் ஸ்பனர். ஸ்பனரின் வாய் இரண்டாவது திருகாணியில் இருந்தது. நேற்றைக்கு இதைக் கண்டிருந்தால் அவள் திரும்பி இறங்கிப்போய் ஒரு பெயரைச் சொல்லியிருப்பாள்.

"எவ்வளவு திருப்பினனீங்கள் அண்ணை?" என்று கேட்டாள்.

அவர் ஸ்பனரைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"கால் சுத்து. ஒவ்வொண்டுக்கும் கால் சுத்து மிஸ். வேறை ஒண்டும் செய்யேல்லை."

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஓம். ஷெல் அதிர்ச்சியிலை எல்லாம் கழண்டு போகுதெல்லே." அவர் கையைச் சுற்றிக் காட்டினார். அப்போதுதான் அவள் அந்த அறையைப் பார்த்தாள். அலுமாரிக் கதவுகள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. போத்தல்கள் கழுத்தோடு கழுத்துச் சேர்த்துப் பிணைக்கப்பட்டிருந்தன. யன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டி. ஷெல் தொடங்கிய நாளிலிருந்து ஊரில் எல்லாரும் எதைக் கண்டாலும் இறுக்கினார்கள், கட்டினார்கள், முடிச்சுப் போட்டார்கள். அவளும் காலையில் வந்ததும் அதையேதான் செய்தாள்.

"மூடியைத் திறந்தனீங்களோ?"

"நான் ஏன் அதைத் திறக்கிறன். திறந்தால் நீங்கள் என்னைத் திறந்து போடுவியள்."

"பங்கருக்கை இருந்தனான் எண்டு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

செல்வரட்ணம் தலையைத் திருப்பினார். கதவடியில் சோமசேகரமும் டொக்டரும் மூச்சிரைக்க வந்து நின்றதைக் கண்டார். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ, அல்லது இனி மறைத்து என்ன என்று நினைத்தாரோ.

"இளந்தாரியிலை கிணறு வெட்டப் போனனான். மண் சரிஞ்சு கழுத்துமட்டும் மூடிப்போட்டுது. தோண்டி எடுக்கப் பின்னேரம் ஆச்சு. அண்டையிலை இருந்து தலைக்கு மேலை மண் இருந்தால் எனக்கு மூச்சு வராது. ஷெல் விழுந்து சாகலாம், உதுக்கை இருந்து சாக ஏலாது. பிள்ளையள் படிக்கிற இடத்திலை உதைச் சொன்னால் சிரிக்க மாட்டினமே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சோமசேகரம் மட்டும், இது உண்மை என்று எப்படி நிச்சயம் என்று கேட்டார். கிணற்றைப் பற்றி அல்ல, டப்பாவைப் பற்றி. அந்தக் கேள்வி நியாயமானது. சந்தேகத்தை இன்னொரு ஊகத்தால் தீர்க்க முடியாது. அளந்துதான் தீர்க்க வேண்டும்.

அளந்தார்கள். டப்பாவைச் சூடேற விட்டு, மூடியைத் தூக்காமல் மூன்று திருகாணிகளையும் தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கி, துணி போர்த்தி, மறுபடியும் நைதரசன் ஊற்றினார்கள். எண்ணி நாற்பதில் நின்றது. பிறகு சூடேற்றி, நாகேஸ்வரி சொன்னபடி செல்வரட்ணம் ஸ்பனரால் கால் சுற்று இறுக்கினார். மறுபடி குளிரவைத்தார்கள். எல்லாரும் அறைக்குள் நிற்க, ஒருவரும் டப்பாவைத் தொடாமல் நிற்க, எண்ணி நூறைத் தாண்டி ஏறியது. சோமசேகரம் எண்ணியையும் செல்வரட்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். டொக்டர் தன் கலம் வெறுமையாகிவிட்டது என்று முறைப்பட்டார், ஆனால் போகவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். மேல்மாடிக்கு ஏறிவந்து டப்பாவையும் பிளாஸ்க்கையும் வயர்களையும் நீண்ட நேரம் பார்த்தார்கள். நாகேஸ்வரி யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுக்கச் சொல்லி, சோமசேகரத்தைக் கற்கண்டு கடிக்கவைத்துக் காட்டினாள். அவர் பகுதித் தலைவர் என்ற மிடுக்கோடு வாயைப் பிளந்துகொண்டு கடித்தார். இளையவனுக்குச் சிரிப்பு வந்தது, மூத்தவன் சிரிக்கவில்லை.

"அப்ப ஆணியை இறுக்கினது ஆர்?" என்று கேட்டான்.

"இவர் ஷெல் அடிக்கேக்கை இறுக்கினவர். நான் விடியக் காலமை இறுக்கினனான்," என்றாள் நாகேஸ்வரி. "டப்பாவைப் பிழையாக வரைஞ்சதும் நான்தான். பேர் எழுதவேணும் எண்டால் என்ரை பேரை எழுதுங்கோ."

மூத்தவன் செல்வரட்ணத்திடம் திரும்பி, ஏன் பங்கருக்குள் போவதில்லை என்று கேட்டான். செல்வரட்ணம் கிணற்றுக் கதையைத் திரும்பச் சொன்னார். எந்த ஊர்க் கிணறு, யார் தோண்டி எடுத்தது என்று அவன் கேட்டு வைத்துக்கொண்டான். இனி ஷெல் அடித்தால் கட்டடத்தில் நிற்கக்கூடாது, பங்கருக்கு வெளியே மண்மூட்டைக்குப் பின்னால் படுக்கலாம் என்று சொன்னான். போகும்போது பிளாஸ்க்கின் மூடியைத் தூக்கி உள்ளே இன்னொரு தரம் பார்த்தான். சந்தேகம் முழுதாகத் தீர்ந்துபோனது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் தனியே போனார்கள்; ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தக் கிழமையே பண்டத்தரிப்புக்கு ஆள் போய்க் கிணற்றைப் பற்றி விசாரித்ததாகவும், கதை உண்மை என்று அறிந்து திரும்பியதாகவும் பிறகு கேள்விப்பட்டார்கள்.

அடுத்த நைதரசன் வருமுன் நாகேஸ்வரி டப்பாவைத் திருத்தினாள். செல்வரட்ணம் பழுதான ஒரு றேடியோவைக் கொண்டுவந்தார். அதில் பற்றரியைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மெல்லிய வெண்கலத் தகடு எந்தக் குளிரிலும் வில்போல வளையும், முறியாது. அதை வெட்டி வளைத்து உள்ளே வைத்தார்கள். இப்போது மூன்று திருகாணிகளும் மூடியை மட்டும் மூடுகின்றன. எவ்வளவு இறுக்கினாலும் அவை பளிங்கைத் தொடாது. பளிங்கைப் பிடிப்பது வெண்கல வில் ஒன்றுதான்; அது பளிங்கை விழாமல் தாங்குகிறது, அமுக்குவதில்லை. பித்தளை குளிர்ந்து சுருங்கும்போது வில் வளைந்து இடம் கொடுக்கிறது. பளிங்கு வெடிப்பதில்லை. எண்ணி நாற்பதில் நிற்கிறது.